எடுக்காத கற்கள்

"வேகமாப் போங்க சுதாண்ணே! இருட்டுறதுக்குள்ள அண்ணனைக் கண்டுபிடிக்கணும்!" என்றாள் ஜெசிந்தா.

சுதாகரன் வேனை மேகமலைப் பாதையில் ஏற்றினான். பின்னால் கட்டிலும் அடுப்பும் தண்ணீர் டிரம்மும் குலுங்கின. அவனும் ஜெசிந்தாவின் அண்ணன் ஆல்பர்ட்டும் சேர்ந்து, பழைய வேன்கள் இரண்டைப் படுக்கவும் சமைக்கவும் ஏற்றபடி மாற்றியிருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆல்பர்ட் தனியாக மலைக்கு வந்தான். முந்தாநாள் முதல் அவனிடமிருந்து போன் இல்லை. போலீசும் தேடுகிறது. திண்டுக்கல்லில் அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை.

அவன் தனியாக வந்ததற்கு ஒரு சண்டைதான் காரணம். சரிவில் வேனை நிறுத்தினால் உள்ளே படுக்க முடியாது. தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு அடியில் தட்டைக் கல் கொடுத்து மட்டமாக்க வேண்டும். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி வேனின் உள்தரையில் வைத்து, சிந்தாவிட்டால் சரி. கிளம்பும்போது கற்களை ஓரமாக எடுத்துப் போடவேண்டும். ஆல்பர்ட் ஒருநாளும் போட்டதில்லை. "குனிஞ்சு கல்லெடுக்க வலிக்கிறவன்கூட நான் வரல" என்று சுதாகரன் கத்திவிட்டான்.

முதல் காட்சிமுனையில் கீழே ஏரி பளபளத்தது. அவர்கள் பார்த்தது தரையைத்தான். இரண்டு தட்டைக் கற்கள், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியில் கிடந்தன!

"அண்ணன்தான்!" என்றாள் ஜெசிந்தா.

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இன்னொரு முனை. அங்கும் கற்கள். அப்புறம் பாதை இரண்டாகப் பிரிந்தது. அருவிப் பக்கம் போய்ப் பார்த்தார்கள், கல் இல்லை. திரும்பி வந்து மற்றப் பாதையில் ஏறினார்கள். பனி மூடிய பாறை விளிம்பில் பாதை முடிந்தது.

கற்கள் இருந்தன. ஒன்று புரண்டு கிடந்தது. அதைத் தாண்டி, புல்லை நசுக்கிக்கொண்டு சக்கரத்தடம் விளிம்புக்குப் போயிருந்தது. திரும்பி வந்த தடமே இல்லை.

"அண்ணே!" என்று ஜெசிந்தா பள்ளத்தை நோக்கி அலறினாள். பதில் இல்லை. மறுபடி அலறினாள். அடியிலிருந்து, தீனமாக, ஹாரன் சத்தம் வந்தது!

சுதாகரன் கயிற்றை வேனில் கட்டினான். கட்டிவிட்டுக் கல் தேடினான்.

"இப்பவா கல்லு? இறங்குங்கண்ணே!"

"முட்டுக்கல் வைக்காம எறங்கினா வண்டியும் எங்கூட வரும். நீ தோட்டத்துக்கு ஓடு. ஆளுங்களைக் கூட்டிட்டு வா!"

சக்கரத்தின் முன்னால் பெரிய கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து இறங்கினான். மரமொன்றில் சாய்ந்து நின்றது ஆல்பர்ட்டின் வேன். உள்ளே, கவிழ்ந்த அலமாரிக்கடியில் கால் மாட்டிக் கிடந்தான். கைக்கு எட்டிய டிரம் தண்ணீர்தான் இத்தனை நேரம் அவனைக் காப்பாற்றியிருந்தது. ஹாரன் ஒயரை உருவி, இரும்பில் தொட்டு அடிக்க விரலில் பிடித்திருந்தான்.

"மட்டமாத்தான்டா இருந்துச்சு... டம்ளர்ல ஒரு சொட்டுகூடச் சிந்தல. தூங்கிட்டேன்..."

"மட்டக்கல் வண்டியைப் பிடிக்காதுடா, முட்டுக்கல்தான் பிடிக்கும், கிறுக்கா!" என்ற சுதாகரன் அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதான்.

தோட்டத்து ஆட்கள் கம்பளியில் கிடத்தி மேலே ஏற்றினார்கள். மலையிறங்கும்போது சிக்னல் கிடைத்ததும் ஜெசிந்தா போன் போட்டாள். "அம்மா, அண்ணன் கிடைச்சிருச்சு. உசுரோட இருக்கு. நீ சாப்பிடும்மா."

கால்கட்டுப் பிரித்த பிறகு மூவரும் ஒரே வேனில் மறுபடி போனார்கள். ஏரி தெரியும் முதல் முனையில் அந்தக் கற்கள் அப்படியே கிடந்தன. சுதாகரன் குனியப் போனான்.

"விடு, நான் எடுக்கறேன்" என்றான் ஆல்பர்ட். வலித்த காலை ஒருபக்கம் நீட்டிக்கொண்டு குனிந்து, கற்களைச் சக்கரத்தடியில் கொடுத்தான். பிறகு ஓரத்தில் கிடந்த பெரிய கல் ஒன்றைப் புரட்டி வந்து முன்சக்கரத்துக்கு முட்டுவைத்தான். கையால் அசைத்துப் பார்த்தான்.

"இப்ப டம்ளரைக் கொண்டா ஜெசி."

மறுநாள் காலையில் கிளம்பும்போது அந்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை.