தடப்பொருத்தம்

காலையில் செங்கோடனின் கார் வழக்கம்போல அவரைக் காட்டிக்கொடுத்தது. முந்தின நாள் மாலை அது அல்வாக் கடை வாசலில் நின்ற சேதி, அவர் காபியைக் கையில் எடுக்கும் முன்பே சர்க்கரை மருத்துவருக்கும் மனைவி சுகந்திக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நாமக்கல்லில் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் பொழுது இப்படித்தான் விடிந்தது. ஒவ்வொரு காரின் அடிவயிற்றிலும் அரசாங்கம், வண்டி போகிற இடத்தையெல்லாம் பதிந்து சொல்லும் ஒரு தடங்காட்டியைப் பதித்திருந்தது. பிடுங்கினால் வண்டி கிளம்பாது.

செங்கோடன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வக்கீல் வேறு. வழக்குப் போட்டார், வருடக்கணக்கில் வாதாடினார், ஜெயித்தும் காட்டினார். தடங்காட்டி இனி அவரவர் விருப்பம், அது இல்லாமலும் வண்டி கிளம்ப வேண்டும் என்று தீர்ப்பு வந்த அன்றே தன் காரில் இருந்ததைக் கழற்றிக் குப்பையில் போட்டார். ஊரே அவருக்கு மாலை போட்டது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வருடமே மகள் தாரகைக்கு ஒரு வரன் வந்தது. பையன் இளம்பரிதி, பாலம் கட்டும் என்ஜினியர். தாரகைக்கு அவனை ரொம்பவே பிடித்துவிட்டது. ஜாதகம் பார்ப்பது எப்போதோ ஒழிந்துபோய், இரு வீட்டாரும் ஒருவர் காரின் தடத்தை மற்றவர் வாங்கிப் பார்க்கும் தடப்பொருத்தம் வழக்கத்துக்கு வந்திருந்தது. செங்கோடன் பையனின் தடத்தைத் திறந்தார். சில மாதங்களாக ஒன்றுமே பதிவாகவில்லை. பையனையே கூப்பிட்டுக் கேட்டார்.

"தீர்ப்பு வந்த அன்னிக்கே கழட்டிப்போட்டனுங்க மாமா. உங்க வாதத்தைக் கேட்டதுக்கப்புறம் அதை வெச்சுக்க மனசு வரலீங்க."

"அது கோர்ட்டுல பேசறதுங்க தம்பி. இது பொண்ணு குடுக்கற விஷயம். தப்பு ஏதும் இல்லீன்னா கழட்டோணும்னு எதுக்குத் தோணுது?"

இளம்பரிதி எழுந்து போனான். தாரகைதான் அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒரு வழி கண்டாள்: அவன் மறுபடி மாட்டிக்கொள்வான், ஒரு வருடத் தடம் சேர்ந்ததும் கல்யாணம். அப்பாவின் தடம் எங்கே என்று அவன் வீட்டாரும் கேட்டிருப்பதை அவள் மறைக்கவில்லை. செங்கோடனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே காரை எடுத்துக்கொண்டு தடங்காட்டி மாட்டும் பட்டறைக்குப் போனார்.

வரிசை மெயின் ரோடு வரை நின்றது. பெண் இருக்கிற வீட்டார், பையன் இருக்கிற வீட்டார், வாடகைக்கு வீடு தேடுகிறவர் என்று ஊரில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். அவரை அடையாளம் கண்டுகொண்ட ஒருவர் வண்டியை விட்டு இறங்கி வந்து கும்பிட்டார்.

"எல்லாம் உங்க புண்ணியமுங்க வக்கீலய்யா. முன்னெல்லாம் கட்டாயப்படுத்தி மாட்டுனாங்க. இப்ப நாங்களே இஷ்டப்பட்டு மாட்டிக்கறோமுங்க."