ரோசாப்பூவுக்கு ஓட்டு இல்லை

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில் கண்ணாயிரம் வீடு என்றால் எல்லாருக்கும் ஒரு மரியாதை உண்டு. அந்தக் கண்ணாயிரம் நான்தான். இந்த முறை ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும், என் மருமகள் நிர்மலா தேர்தலில் நின்றாள். சின்னம் பூட்டு சாவி.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட என் மகன் தங்கதுரை ஒரு வீடியோ எடுத்தான். டிராக்டர் மேல் ஏறி நின்று, மீசையை முறுக்கி, "உங்கள் தங்கதுரை கேட்கிறேன்" என்று முழங்கினான். நிர்மலாவின் முகம் வர வேண்டிய இடத்தில் ஒரு ரோசாப்பூ படம் வந்தது. வீட்டுப் பெண்ணின் முகம் ஊரார் போனில் எல்லாம் சுற்றக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் பால் வாங்க வந்தார் எங்கள் தெருக் கொளஞ்சியம்மாள்.

"தங்கதுர, என் ஓட்டு உனக்குத்தான். ரோசாப்பூ மேல குத்திட்றேன்."

"ரோசாப்பூ நம்ம சின்னம் இல்ல பெரியம்மா. நான் நிக்கல, நிர்மலாதான் நிக்குது."

"அது எங்க காணோம்? டிராக்டர்ல எடம் இல்லியா?"

என் பேத்தி பெரியநாயகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஊர்க் கோயில் அம்மன் பெயரைத்தான் அவளுக்கு வைத்தோம்; கூப்பிடுவது நாயகி என்று.

சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் ரோசாப்பூ, ரோசாப்பூ என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுச்சீட்டில் ரோசாப்பூ இருக்காது. எல்லா ஓட்டும் வீணாகப் போகுமே என்று நிர்மலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நாயகி என்னிடம் வந்தாள்.

"தாத்தா, அம்மா மொகத்த காட்டி வீடியோ எடுக்கட்டுமா?"

"கூடாது. நம்ம வூட்டுக்குன்னு ஒரு மரியாத இருக்குது."

"கோயில்ல பூசாரி அம்மன் மொகத்த ரோசாப்பூ வச்சு மறச்சா, நீங்க சும்மா வுடுவீங்களா?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. போய் எடு" என்றேன்.

தங்கதுரை ஓடி வந்து சொல்லிக்கொடுத்தான். "கைய ஓங்கு நிர்மலா. தலைவருன்னா கர்ஜிக்கணும்."

நிர்மலா கையை ஓங்கினாள். குரல் கீச்சென்று வந்தது. கட்டிப்போட்டிருந்த எருமை திரும்பிப் பார்த்தது.

"எரும கூட பயப்படலம்மா" என்றாள் நாயகி. "அப்பா மாதிரி நீ பேச வேணாம். கொழாயாண்ட போனா இன்னா பண்ணுவியோ, அதையே பண்ணு."

குழாயடியில் கொளஞ்சியம்மாள் காலிக் குடத்தோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும், நாயகி போனில் எடுத்துக்கொண்டிருப்பதையே நிர்மலா மறந்துவிட்டாள்.

"இன்னாங்க அத்தை, இன்னிக்கும் தண்ணி வரலியா?"

கொளஞ்சியம்மாள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள், "மேட்டுத் தெருவுக்கும் நமக்கும் ஒரே நேரத்துல தொறக்கிறாங்க. நேரம் பிரிச்சு வுட்டா ரெண்டு தெருவுக்கும் வரும். நான் ஜெயிச்சா மொத வேல அதுதாங்க. பூட்டு சாவியில குத்துங்க."

"இத மொதல்லியே சொன்னா இன்னாவாம்?" என்றார் கொளஞ்சியம்மாள்.

நாயகி அதையும் வெட்டாமல் குழுவில் போட்டாள். டிராக்டர் வீடியோவைத் தங்கதுரை தானே நீக்கிவிட்டான்.

நிர்மலா ஜெயித்தாள். பதவி ஏற்கும் நாள் காலையில், எங்கள் செடியில் பூத்த ரோசாவை நானே பறித்து நாயகியிடம் போனேன். எங்கள் வீட்டில் நன்றி என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் இல்லை. அன்று சொன்னேன்.

"நம்ம வூட்டு மரியாதய நீதாம்மா காப்பாத்தின. ரொம்ப நன்றி."

நாயகி சடையைத் திருப்பிக் காட்டினாள்.

"பின்னாடி வையுங்க தாத்தா. மொகம் தெரியணும்."