விருந்தாளி வலி

குணசீலனின் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. குணசீலன் ஓடவில்லை.

திருச்சி தில்லைநகரில், ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், பால்கனிக் கதவை ஒட்டிப் போட்ட பிரம்பு நாற்காலியில், கையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். முழங்காலிலிருந்து விரல் நுனி வரை இரண்டு கால்களிலும் சாம்பல் நிறத்தில் நரம்புறை. பார்வைக்குச் சாதாரணக் காலுறைதான். ஆனால் எங்கோ, யாரோ ஓடுகிற ஓட்டம் அதன் வழியே அவன் தோலிலும் தசையிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாதம் பட்டு எழும் அதிர்வு. கெண்டைச் சதை இறுகித் தளரும் சுகம். போகும்போது இடது காலில் காற்று, திரும்பும்போது வலது காலில். சீரான இடைவெளி விட்டு ‘டக்’கென்று கெட்டியாக ஏதோ ஒன்று காலடியில் தட்டுப்படும். மறுபடி தார். மறுபடி டக்.

சத்தம் கிடையாது. படம் கிடையாது. பெயர் கூடாது என்பது விதி.

‘உடனோட்டம்’ என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். ரத்த வங்கி மாதிரி. கால் நன்றாக இருக்கிறவர் நரம்புறையை மாட்டிக்கொண்டு ஓடுவார், அவர் ஓடுநர். காலில் அடிபட்டு முடங்கியவர் வீட்டில் உட்கார்ந்தபடி அந்த ஓட்டத்தை வாங்கிக்கொள்வார், அவர் உடனோடி. ஓர் ஓடுநருக்கு ஓர் உடனோடிதான். தசை சூம்பாது, மனசும் சூம்பாது என்று விளம்பரத்தில் சொன்னார்கள். குணமானதும் உடனோடி ஓடுநராக மாறி, இன்னொருவருக்கு ஓட்டம் கொடுக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் காலில் இப்போது சாம்பல் நிறம்தான்.

குணசீலனுக்கு வந்தது பெரிய அடியெல்லாம் இல்லை. ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ஓட்டத்தில், எவனோ குடித்துவிட்டு வீசிய இளநீர்க் கூட்டில் இடது காலை வைத்தான். சுளுக்கு. கணுக்கால் கொஞ்சம் வீங்கியது, அவ்வளவுதான்.

“ஓடாதீங்க. ஆனா உட்கார்ந்துடாதீங்க,” என்றாள் இயன்முறை மருத்துவர் ஜெசிந்தா. “சாயங்காலம் இங்க வாங்க. தண்ணித்தொட்டில நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஏழெட்டுப் பேர் வர்றாங்க. கால் வேலை செய்யுதோ இல்லையோ, வாய் ஓயாம வேலை செய்யும்.”

“பார்க்கலாம் மேடம்,” என்றான். போகவில்லை.

போகிறவன் இல்லை அவன். மனைவி பிரிந்து போனபோது நண்பர்களும் பிரித்துக்கொள்ளப்பட்டார்கள். எல்லோரும் அவள் பங்குக்குப் போய்விட்டார்கள். வேலை வீட்டிலிருந்தபடியே. சாப்பாடு வாசலில் தொங்கும் பையில். அவனுக்கு மிச்சமிருந்தது காலை ஓட்டம் ஒன்றுதான். அதிலும் யாரும் கூட வந்ததில்லை. ஆனால் எதிரே வருகிறவர்கள் கை தூக்குவார்கள். ஒரு நாளைக்கு அது போதுமாயிருந்தது.

நரம்புறை வந்த பிறகு அதுவும் தேவைப்படவில்லை.

கூட ஓடுகிறவரின் முகம் தெரியாது. ஆனால் ஓட்டம் முடிகிற இடத்தில் ஒரு நாய் வந்து கெண்டைக்காலில் வாலால் அடிப்பது தெரியும். மனசு சரியில்லாத நாளில் பாதம் தரையை எப்படிக் குத்தும் என்று தெரியும். மழைத் தேக்கத்தைக் கண்டால் அவர் சுற்றிப் போகிறவர் இல்லை, நேரே மிதித்துவிட்டுப் போகிறவர் என்று தெரியும். கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு தெரிந்திருந்தால் குணசீலன் இந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டான்.

ஆடிப்பெருக்கு அன்றுதான் இன்னொன்றும் தெரிந்தது.

அன்று ஓட்டம் ஓட்டமாக இல்லை. நின்றது, நகர்ந்தது, ஒதுங்கியது. யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஓடுநர் காலணியைக் கழற்றினார். ஈரப் படி. பாசி. மிதிபட்ட பூ. திடீரென்று முழங்கால் வரை குளிர்ந்த நீர் ஏறி, சுழித்து இழுத்தது. குணசீலன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு வந்தது. யாருமில்லாத வீட்டில் வாய்விட்டுச் சிரித்தான்.

சிரித்து முடித்த பிறகுதான் பொறி தட்டியது. ஆடி மாதத்து மேற்குக் காற்று. போகும்போது இடது பக்கம் என்றால் வடக்கே போகிற சாலை. சீராகத் தட்டும் அந்த டக், பாலத்தின் இணைப்புகளில் பதித்த இரும்புப் பட்டை. படித்துறை, பூ, கூட்டம்.

காவிரிப் பாலம்! வண்டிகளுக்குப் புதுப் பாலம் வந்த பிறகு நடக்கிறவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்களே, அதே பழைய பாலம். இவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

ஆனாலும் அவன் போய்ப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் என்ன ஆகுமோ என்று பயம்.

*

வினை அடுத்த வாரம் ஆரம்பித்தது.

ஓடுநரின் இடது பாதம் ஒரு நொடியின் துணுக்கு அளவு தாமதமாக விழுந்தது. வேறு யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்காக ஓடியவனுக்குத் தெரியும். மறுநாள் தாமதம் கூடியது. இடது கால் தரையைத் தொட்டும் தொடாமலும் போக, பாரம் முழுக்க வலது காலில் இறங்கியது. வலது முழங்காலில் மெல்லிய சூடு.

இப்படியே போனால் முட்டி போய்விடும். ஓட்டமே போய்விடும்.

உடனோட்ட உதவி மையத்தைக் கூப்பிட்டான். குழைவான ஓர் எந்திரக் குரல் வந்தது. “உங்கள் ஓடுநர் நலமாக இருக்கிறார், ஐயா. கவலை வேண்டாம்.”

“நொண்டுறாங்க! எனக்குத் தெரியுது! நிறுத்தச் சொல்லுங்க!”

“ஓடுநருக்குச் செய்தி அனுப்ப விதியில் இடமில்லை, ஐயா. உணர்வு ஒருவழிப் பாதை.”

வேறு வழியில்லாமல் ஜெசிந்தாவிடம் போனான். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, “கொஞ்சம் அந்தக் கதவு வரைக்கும் நடங்க,” என்றாள்.

நடந்தான்.

“ஏன் சார் இழுத்து இழுத்து நடக்கிறீங்க? போன மாசமே கால் சரியாயிடுச்சு, தாராளமா ஓடலாம்னு சொன்னேனே!”

குணசீலன் இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஜெசிந்தா அவன் காலிலிருந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. “ஓ, நடைமானியை ஏமாத்தறீங்களா?”

நரம்புறைக்குள் ஒரு நடைமானி உண்டு. போட்டிருப்பவரின் நடை சீரானதும் ‘குணமாகிவிட்டது’ என்று தானே முடிவு செய்து தொடர்பைத் துண்டித்துவிடும். அதனால்தான் குணசீலன் கட்டிலிலிருந்து அடுப்படிக்கு நொண்டினான். அடுப்படியிலிருந்து குளியலறைக்கு நொண்டினான். ஆடிப்பெருக்குக்குப் பிறகு, ஓட்ட நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, இடது பாதம் தரையில் படும் உணர்வு வரும்போதெல்லாம் சுருக்கென்று உள்ளிழுத்துக்கொள்ளப் பழகியிருந்தான்.

“இது விளையாட்டில்ல சார். ஒரு கால் தப்பிச்சுக்கிட்டா இன்னொரு கால் சுமக்கும். உங்க வலது முட்டி…” என்று ஆரம்பித்தவள், குனிந்து தொட்டுப் பார்த்தாள். “ஆச்சரியம். இங்க ஒண்ணுமே இல்லையே. நல்லா இருக்கே.”

அந்தச் சுருக்கு, அந்தத் தாமதம், எல்லாம் யாருடையவை என்று குணசீலனுக்குத் தெரிந்துவிட்டது. சுமக்கிற முட்டி வேறெங்கோ இருந்தது.

*

மறுநாள் விடியலில் நரம்புறையோடு பாலத்துக்குப் போனான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். கீழே காவிரி செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. பாலத்தில் பத்திருபது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

காலில் ஓட்டம் தொடங்கியது. டக். தார். டக்.

தெற்கு முனையிலிருந்து குணசீலனே ஓடி வந்துகொண்டிருந்தான், ஒரு பெண்ணின் உருவத்தில். அதே இழுப்பு. அதே சுருக்கு. கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. நாற்பது வயதை ஒட்டியவள். குட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, பல்லைக் கடித்த முகம்.

ஒருவழிப் பாதையா? பார்த்துவிடலாம். தன் பக்கத்திலிருந்த இரும்புப் பட்டையை இடது குதிகாலால் ஓங்கி மிதித்தான்.

தூரத்தில் அவள் தடுமாறி நின்றாள். குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். தார்ச்சாலை. இரும்பே இல்லை. நிமிர்ந்து, பாலம் முழுக்கக் கண்ணால் துழாவினாள். சாம்பல் நிறக் காலோடு நின்றவனிடம் பார்வை வந்து நின்றது.

மெதுவாக நடந்து வந்தாள். “நீங்களா?”

“நான்தான்.”

“இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்.”

அவள் பெயர் ரெஜினா. ஒரு மகளிர் விடுதியில் காப்பாளர். இருவரும் பாலத்து பெஞ்சில், நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அவளுடைய வலது முட்டி வீங்கியிருப்பது உறைக்கு மேலேயே தெரிந்தது.

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“காட்டினேனே. இடது கால் ஏன் இழுக்குதுன்னு படம் எடுத்துப் பார்த்தாரு. தங்கமான கால், ஒரு குறையும் இல்லைன்னுட்டாரு. அப்பவே புரிஞ்சுபோச்சு. இது நம்ம வலி இல்ல, விருந்தாளி வலின்னு.”

“தெரிஞ்சுமா ஓடினீங்க? உறையைக் கழட்டிப் போட்டிருக்கலாமே!”

“போட்டிருக்கலாம்.” ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள். “விடுதி நிறையப் பொண்ணுங்க. எல்லாத்துக்கும் நான் மேடம். நான் உள்ள போனா பேச்சு நின்னுடும். காலைல இந்த நேரம் மட்டும் ஒருத்தர் கூட வர்றாங்க. நான் வேகமாப் போனா பயந்து இறுக்கிக்கிறாங்க. ஆத்துல இறங்கினா குதூகலமா காலை உதறுறாங்க. உறையைக் கழட்டினா அப்புறம் காலைல யாரு வருவா?”

குணசீலனால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “என் கால் சரியாகி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க.”

“அப்ப இந்த நொண்டல்?”

“நடிப்பு. சரியாயிட்டா தொடர்பை வெட்டிடுவாங்களேன்னு…”

ரெஜினா சிரிக்கப் போனாள். பாதியில் விட்டுவிட்டாள். “ஒரு நடிப்புக்கு ஒரு முட்டியைக் கொடுத்திருக்கேன் நான்.”

அவன் குனிந்து, உறையின் ஓரத்தில் தைத்திருந்த பொத்தானைத் தேடினான். ‘குணமானேன்.’ விரல் அதன் மேல் நின்றது. அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வீங்கிய முட்டியைப் பார்த்தான். அழுத்தினான்.

இருவர் காலிலிருந்தும் எதுவோ வடிந்து போனது. மரத்துப்போன மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் யாரோ ஒருத்தியாகிவிட்டாள்.

“காபி சாப்பிடலாமா?” என்றான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

“விடுதில தேடுவாங்க.”

“இங்கதான் பக்கத்துல இருக்கீங்களா?”

“ஆமா. பக்கம்தான்.”

அவள் பாதத்தின் கோபம், தாபம் எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்திடம் எதைப் பேசுவது என்று தெரியவில்லை. அவளும் சங்கிலியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வடக்கு முனையிலிருந்து அந்த நாய் ஓடி வந்து, வாலால் அவள் காலை அடித்தது. குணசீலனின் காலில் ஒன்றும் படவில்லை.

“அப்ப… வர்றேங்க.”

“சரிங்க சார்.”

சார்!

*

புரட்டாசி பிறந்ததும் உடனோட்டத்திலிருந்து செய்தி வந்தது. பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய முறை. பெயர் தெரியாத உடனோடி ஒருவரை அவனோடு இணைத்திருந்தார்கள். குணசீலன் நரம்புறையை மாட்டிக்கொண்டு பாலத்தில் ஓடினான். இடைப்பட்ட நாட்களில் ரெஜினாவை அங்கே காணவில்லை. விடுதி எங்கே இருக்கிறது என்று இரண்டு பேரிடம் விசாரித்து, தெருவையும் கண்டுபிடித்து, முனை வரை போய்த் திரும்பியிருந்தான். போய் என்ன பேசுவது?

சில நாள் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது முழங்காலில் ஒரு சிணுங்கல். கவனித்தான். அவன் முட்டி நன்றாகத்தான் இருந்தது. வலி வெளியிலிருந்து வந்தது. விருந்தாளி.

திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

அதே பெஞ்ச். முட்டியில் பட்டைக்கட்டு, பக்கத்தில் ஊன்றுகோல். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள் ரெஜினா. சாம்பல் நிற உறைக்குள் தொங்கிய அவள் பாதங்கள் சற்று முன்வரை துடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், இப்போது நின்றிருந்தன. ஏதோ தொலைந்த மாதிரி நெற்றி சுருங்கியது.

இரண்டடி ஓடினான். அவள் பாதங்கள் இரண்டு முறை அசைந்தன. இரும்புப் பட்டையை மிதித்தான். அவள் குதிகால் வெட்டி அடங்கியது.

பத்தடி தூரம். போய்த் தோளைத் தொட்டு, ‘நான்தான்’ என்றால் போதும். கண்ணைத் திறப்பாள். பிறகு? பெஞ்சில் ஓர் ஆள் இடைவெளி. பக்கத்துலதான் இருக்கீங்களா, ஆமா பக்கம்தான். முட்டி எப்படி இருக்கு, பரவாயில்லைங்க சார்.

குணசீலன் ஓட ஆரம்பித்தான்.

அவள் நெற்றியின் சுருக்கம் நீங்கியது. பாதங்கள் அவனோடு சேர்ந்துகொண்டன. அவளுடைய புடவைக் கரை படபடக்கும் அளவு நெருக்கத்தில் கடந்து போனான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக விரிந்தது. அவனுக்கு வலது முட்டி மறுபடி முனகியது. அதற்கு வலிக்காமல் இருக்க, பாரத்தையெல்லாம் முன்பு சுளுக்கிய இடது கணுக்காலுக்கு மாற்றிக்கொண்டான். கணுக்கால் இது யார் வேலை என்பது போல ஒரு முறை சுரீரென்றது. உதவி மையத்தைக் கூப்பிட வேண்டும் என்றும், உறையைக் கழற்ற வேண்டும் என்றும் அவன் புத்தி சொல்லிக்கொண்டே வந்தது.

அடுத்த இரும்புப் பட்டையை அவன் வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி மிதித்தான்.