குருமடம் கொடுத்த பெயர்

காலை 8.10. மூலையில் விளக்கு எரிந்தது. அதற்கு மேலிருந்த மாதா படத்தைக் காணோம். வெள்ளித் தகடு போர்த்திய படம். போன மாதம் இறந்துபோன பாதிரியார் கிப்பாரிசவ் கடைசி மூச்சுவரை கும்பிட்டது.

8.40. இன்ஸ்பெக்டர் செபத்தார்யொவ் காவலனை வாசலில் நிறுத்திவிட்டு, பனியை உதறியபடி உள்ளே வந்தார். இரவு வீட்டில் இருந்தது மூன்றே பேர். பாதிரியாரின் விதவை கிளாஃபிரா. இருபது வருட வேலைக்காரி உஸ்தீனியா. நேற்று முதல்முறையாக வந்து இறங்கிய, பாதிரியாரின் தம்பி மகன் யெகோர் கிப்பாரிசவ்.

உஸ்தீனியாவின் பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒன்றுமில்லை. ஆனாலும் கிளாஃபிரா அவளைத்தான் கை காட்டினாள். நிரூபணமானால் சைபீரியா. உஸ்தீனியா அழவில்லை, இடுப்பில் கட்டிய ஏப்ரனை இறுகப் பிடித்து நின்றாள்.

"தம்பியோட பையையும் பாத்துடலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன் எங்க ரத்தம். இந்த ஜில்லாவுல கிப்பாரிசவ்னு வேற யாரு இருக்கா? தொடக்கூடாது," என்றாள் கிளாஃபிரா.

9.05. தேநீர் வந்தது. பெயரின் கதையை அவளே பெருமையாகச் சொன்னாள். பாதிரியார், கோயில் மணி அடிப்பவரின் மகன். குடும்பப் பெயரே கிடையாது. குருமடப் பள்ளியில் சேர்ந்த அன்று, கிப்பாரிஸ் என்னும் சைப்ரஸ் மரம்போல நிமிர்ந்து நிற்கிறானே என்று தலைமைக் குரு எழுதிக்கொடுத்த பெயர் அது.

9.20. யெகோர் கோட்டை மாட்டினான். வாசலில் பனிவண்டி காத்திருந்தது.

"எங்க தாத்தா பூட்ஸ் தெச்சாரு," என்றார் இன்ஸ்பெக்டர். "அதான் நான் செபத்தார்யொவ். உங்கப்பாவுக்கு என்ன தொழில், தம்பி?"

"உழவுதாங்க."

"படிப்பு?"

"கைநாட்டு. பள்ளிக்கூட வாசலையே மிதிக்கல."

"அவரும் கிப்பாரிசவ்தானா?"

"பின்ன? அண்ணன் தம்பிக்கு வேற வேற பேரா இருக்கும்?"

"பாதிரியார் குடும்பத்துல இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தப் பேரு குருமடத்துல பொறந்தது. உள்ள போனவருக்குத்தான் கெடச்சுது. போகாத தம்பிக்கு எங்கேருந்து வந்துச்சு? நீ அந்தப் பேரைக் கல்லறைக் கல்லுல படிச்சுட்டு வந்திருக்க."

யெகோர் கதவை நோக்கிப் பாய்ந்தான். வாசலில் நின்ற காவலன் மடக்கிக்கொண்டான். கிளாஃபிராவே பையைப் பிரித்தாள். சட்டைகளுக்கு நடுவே வெள்ளி மின்னியது.

9.45. சாட்சி வாக்குமூலம். உஸ்தீனியாவின் குடும்பப் பெயரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். இருபது வருடத்தில் கிளாஃபிரா அதைக் கேட்டதே இல்லை.

"நெனாஷெவாங்க," என்றாள் உஸ்தீனியா.

நம்மைச் சேராதவள் என்று பொருள். இன்ஸ்பெக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.