தண்ணி என்று தேடிக்கொண்டே இருந்தவர்

சிவபிரகாஷ் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நல்ல உச்சி வெயில். அறந்தாங்கி முழுக்கக் கரண்டு இல்லை. என் வீட்டுக்காரரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் இவன்தான். அவர் அங்கே இறந்து சில நாள் ஆகியிருந்தது. வந்ததும் வராததுமாகத் தன் போனை என் வாய்க்கு நேராக நீட்டினான்.

"அங்கயே அடக்கம் பண்ணச் சம்மதம்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா, ரெக்கார்டு பண்ணிக்கிறேன். தூக்கத்துலயே நெஞ்சுவலி. சேவுகண்ணன் கஷ்டப்படவே இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டியவள் முகம் பார்க்காமல் புதைத்துவிட்டால் அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

"ஒடம்பு இங்க வரணும். இங்க டாக்டர் பாக்கணும்."

"அதெல்லாம் ஆகாதுக்கா. புரிஞ்சுக்கங்க."

இந்தியத் தூதரகத்தின் நம்பரைத் தேட என் போனை எடுத்தேன். தேடும் கட்டத்தைத் தொட்டதும், முன்பு தேடியவற்றில் முதலாவதாக ஒரு சொல் இருந்தது.

தண்ணி.

நான் அதைத் தேடவில்லை. கடைக்காரர் எங்கள் இருவர் போனுக்கும் ஒரே மெயில் ஐடி போட்டுத் தந்திருந்தார். அவர் அங்கே தேடுவது இங்கே தெரியும். கருவாட்டுக் குழம்பு வைப்பது எப்படி என்று தேடினால், உடனே கூப்பிட்டுக் கேலி செய்வேன்.

"அவரு போனு எங்க இருக்கு?"

"ஒடஞ்சு போச்சாம். தூக்கிப் போட்டுட்டாங்க."

அவர் இறந்த நாளில் என்ன தேடியிருக்கிறார் என்று பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒரே சொல். தூங்குகிற மனுஷன் இப்படியா தேடுவான்?

மறுநாளும் அதே சொல். அதற்கடுத்த நாளும்.

கடைசியாகத் தேடியது, இப்போது.

அதைத் தொட்டேன். கோடிக்கணக்கில் பதில் வந்தது. ஒன்றையும் குடிக்க முடியாது.

வீட்டுக்குள் சுட்ட தகரத்தின் நெடி ஏறியது. என் காதருகே யாரோ வறண்ட தொண்டையால் எச்சில் விழுங்கினார்கள்.

சிவபிரகாஷுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

அவன் கையிலிருந்த போனில் தேடும் கட்டம் தானாகத் திறந்தது. எழுத்து எழுத்தாக ஒரு சொல் விழுந்தது.

கதவு.

"நான் பூட்டச் சொல்லலக்கா!" என்று அலறினான். நான் எதுவும் கேட்கவேயில்லை. "சம்பளம் கேட்டுச் சண்ட போட்டாருன்னு கம்பெனிக்காரங்கதான் போனப் புடுங்கி ஒடச்சுட்டு, தகரக் கொட்டாய்ல வச்சுப் பூட்டுனாங்க. ரெண்டு நாளுல தெறந்து விட்ருவாங்கன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தியாடா, பாவி!"

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "கம்பெனிக்குப் போன் போடு. ஒடம்ப அனுப்பச் சொல்லு. இப்பவே."

அழுதுகொண்டே போட்டான்.

உடம்பு வந்தது. இங்கே டாக்டர் அறுத்துப் பார்த்து, நெஞ்சுவலி இல்லை, தண்ணீர் இல்லாமல் செத்திருக்கிறார் என்று எழுதினார். போலீஸில் கேஸ் ஆனது. சிவபிரகாஷ் ஜாமீனில் வெளியே வந்து வீட்டோடு இருக்கிறான். அவரை எங்கள் மயானத்திலேயே எரித்தோம், வாய் நிறையத் தண்ணீர் விட்டுத்தான் எரித்தோம்.

அன்றோடு அந்தச் சொல் வருவது நின்றது. மனம் ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

இன்று மத்தியானம் போனைத் திறந்தால் புதிதாக ஒன்று தேடப்பட்டிருக்கிறது.

சிவபிரகாஷ் வீடு.

அவனுக்குச் சொல்லி எச்சரிக்க எனக்கு மனம் வரவில்லை.