வலது பக்கத்து பேரிங்

பின் டயர்கள் இரண்டிலும் காற்று சரியாக நாலு பவுண்டுதான் இருந்தது. சர்ஃபராஸ் மூன்று முறை அளந்து பார்த்துவிட்டான். ஆனாலும் அந்த நாலு சக்கர ஏடிவி பைக்கின் வலது பின் டயர் மட்டும், ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியைப் போலத் தரையோடு சப்பிப்போய் நின்றது.

"என்ன சார், மறுபடியும் ஆத்துக்குள்ள எறக்கினீங்களா?"

"இல்லைங்க பாய். போன தடவை நீங்க சரி பண்ணிக் கொடுத்ததுலேர்ந்து ஓட்டவே இல்லை. ஷெட்ல பூட்டித்தான் கெடந்துச்சு," என்றார் ஜெய்சங்கர்.

ஓடாத வண்டியில் பேரிங் எப்படித் தேயும்? யார் காதில் பூ சுற்றுகிறார் இவர்? முக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றிப்பார்க்க வருகிறவர்களை இந்த நாலு சக்கர பைக்கில் மணலில் ஓடவிடுவது அவர் தொழில். அதே பேரிங்குக்காகக் காட்டூர் பட்டறைக்கு இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக வந்திருக்கிறார். மினி லாரியிலிருந்து வண்டியை இறக்கியதும் சாவியை எட்ட நின்றே நீட்டினார். டீ சொல்லியும் நிற்காமல் போய்விட்டார்.

போனால் போகிறார் என்று விட்டுவிடலாம். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸஹ்ராவுக்கு ஒன்பது வயது. இந்த வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஓடும்போது பேரிங் உடைந்து சக்கரம் இறுகிவிட்டால் பிள்ளையைத் தூக்கி எறிந்துவிடும்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினான். மாலை மழை தகரக் கூரையில் சடசடத்தது. கிரீஸ் வாடைக்கும் மண்ணெண்ணெய் வாடைக்கும் நடுவில், அள்ளிப் போட்டு வெகுநாளான ஆற்றுச் சேற்றின் குளிர்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டொக், டொக் என்றது, நல்ல ஆட்டம். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் உட்காரும் கூட்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினான். கரகரவென்று அரைத்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான். அரைப்பது நின்றது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு சத்தம் நிற்கவில்லை. ஈரமாக, மெதுவாக, உள்ளே இழுத்து வெளியே விடுகிற சத்தம்.

மழைதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸிலை உருவி, பேரிங்கைத் தட்டி எடுத்தான். பேரிங் மாற்றினால் அதன் முகத்தில் தேதியைக் கீறி வைப்பது அவன் வழக்கம். பழையதை மாட்டிவிட்டுப் பழியை மெக்கானிக் தலையில் போடுகிற ஆட்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். தேதி அப்படியே இருந்தது, அவன் கையெழுத்தில். இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உள்ளேயோ வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறியதுபோல் துரு. குண்டுகளுக்கு நடுவில் ஆற்று மணல். போன முறை சுவரில் எழுதி வைத்த மீட்டர் எண்ணையும் ஒத்துப் பார்த்தான். ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை.

ஜெய்சங்கரைப் போனில் பிடித்தான். "உண்மையச் சொல்லுங்க சார். யாரு ஏறுறது இதுல?"

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்தங்கரையில ஒருத்தரு பின்னாடி ஏறுனாரு பாய். அவரு எறங்குனத யாரும் பாக்கலை." என்றார் ஜெய்சங்கர். "வண்டி அங்கயே இருக்கட்டும். எனக்கு வேணாம்."

போன் துண்டிக்கப்பட்டது. சர்ஃபராஸுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. தப்பை மறைக்கக் கதை கட்டுகிறார். அந்தக் கோபத்திலேயே புது பேரிங்கை இறக்கினான், ஆயில் சீல் மாற்றினான், நட்டை முறுக்கினான். சக்கரம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஜாக்கியை இறக்கினான்.

வலது டயர் மறுபடியும் சப்பிப்போனது.

குத்தவைத்து உட்கார்ந்து டயரை அழுத்திப் பார்த்தான். நாளுக்கு இருபது பேர், வண்டியை விட்டு இறங்காமலே ரிப்பேர் பார்க்கச் சொல்வார்கள். அவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தலையை நிமிர்த்தாமலே சொன்னது:

"கொஞ்சம் எறங்கி நில்லுங்க."

டயர் மெல்ல உப்பி எழுந்தது.

அவன் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. சிமெண்டுத் தரையில் ஈரக் காலடி ஒன்று பதிந்தது. இன்னொன்று. வாசலை நோக்கி.

மழை விட்டிருந்த வாசலில் ஹாரன் அடித்தது. டியூஷனிலிருந்து ஸஹ்ராவை அழைத்துக்கொண்டு சம்ரீன் ஸ்கூட்டரில் வந்திருந்தாள்.

"கெளம்பலையாங்க? மஃரிப் தொழுகைக்கு நேரமாச்சு," என்றாள் மனைவி. உடனே முகம் சுளித்தாள். "என்ன இது, ஸ்கூட்டர் பின்னாடி இழுக்குது?"

சர்ஃபராஸ் எழுந்தான். காலடிகள் வாசற்படியில் முடிந்திருந்தன.

இறங்கச் சொல்ல வாயெடுத்தான். இறங்கி எங்கே போகும்? வீட்டுக்கா? யார் மேல் ஏறும்? சொல்லாமல் வாயை மூடிக்கொண்டான்.

"அத்தா," என்றாள் ஸஹ்ரா சிணுங்கலாக. "தள்ளி உக்காரச் சொல்லுங்க. என் சட்டையெல்லாம் நனையுது."

சொல்லிவிட்டு, நல்ல பிள்ளையாக, அம்மாவோடு ஒட்டி முன்னால் நகர்ந்து இடம் விட்டாள். அவளுக்குப் பின்னால் காலி சீட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. ஸ்கூட்டரின் பின் டயர் மேலும் மேலும் ரோட்டோடு சப்பிப்போனது.