மூன்று மணிக்கு வைத்த விளக்கு

பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு முன்பே இருட்டிவிட்டது.

புஷ்பவள்ளி அதை உடனே கவனிக்கவில்லை. அடுப்படியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தவள், சட்டியின் அடி கண்ணுக்குத் தெரியாமல் போகவே நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கறுப்பாக நின்றன. பொழுது சாய்ந்தால் செய்ய வேண்டியதை அவள் கைகள் தாமாகவே செய்தன. பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சாமி விளக்கை ஏற்றினாள். முன்கதவை அகலத் திறந்து வைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் லட்சுமி முன்வாசல் வழியாக வருவாள், பின்வாசல் திறந்து கிடந்தால் அப்படியே வெளியேறிவிடுவாள் என்று அம்மா வீட்டில் பழகியது. கல்யாணமாகி ஏழு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை. கடற்கரை ஊரான சி ரூசாவில் வாடகைக்கு இருந்தபோதும் அப்படித்தான். சுவா என்ற சிற்றூருக்கு உள்ளே தள்ளி இருக்கும் இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளும் அப்படித்தான்.

ஆறு வயது மகள் ரோகினிக்குத் திருநீறு பூசி, சோறு ஊட்டி, வாய் துடைத்துவிட்டபோதுதான் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துப் பள்ளிவாசலின் பாங்கு மரங்களுக்கு மேலாக மிதந்து வந்தது. சூரியன் மறையும் நிமிடத்தில் சொல்லும் பாங்கு. சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஒன்பது. அவள் விளக்கு வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பூமத்தியரேகையை ஒட்டிய இந்த நாட்டில் பகல் நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் இருட்டும். பிறந்ததிலிருந்து அவள் வேறெதையும் கண்டதில்லை.

அவள் கணவன் வசந்தன் தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டினான். விடிவதற்கு முன்பே கிளம்பி எட்டு மணிக்கு மேல்தான் திரும்புவான். அன்றிரவு அவன் சாப்பிடும்போது சொன்னாள்.

"எஸ்டேட்டுன்னா அப்படித்தான் லா, வள்ளி. மரம் ஒசரம். நெழலு சீக்கிரம் வந்துடும்," என்றான் அவன். "போதாததுக்கு நீ ஒரு தூங்குமூஞ்சி. கண்ண மூடிக்கிட்டு இருட்டிடுச்சுன்னு சொல்லுவ."

அவள் துண்டால் அவன் முதுகில் அடித்தாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் இந்த அத்துவானத்துக்கு வரச் சம்மதித்ததே.

அடுத்த வாரம் ஆறு மணிக்கு விளக்கு வைத்தாள். அதற்கடுத்த வாரம் ஐந்து. காலையும் தாமதமாகத்தான் வந்தது. எட்டு மணிக்குக்கூட ஜன்னலில் சாம்பல் நிறம்தான் ஒட்டியிருந்தது. ஆறு வீட்டு வரிசையில் மற்ற ஐந்தும் பூட்டிக் கிடந்ததால், இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. இருட்டோடு தூக்கமும் வந்தது. களைப்பினால் வருகிற தூக்கம் இல்லை அது. ஈரப் போர்வையை யாரோ பின்னாலிருந்து தோளில் போட்டு மெல்ல அழுத்துவது போல வந்தது. அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே அவள் கண் சொருகிவிடும். விழிக்கும்போது குழாய்த் தண்ணீர் பானை நிரம்பித் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரு வாடை சேர்ந்துகொண்டே வந்தது. மழையில் நனைந்த பலர் ஒரு சிறிய அறையில் நெடுநேரம் உட்கார்ந்து மூச்சு விட்டால் வருமே, அந்த வாடை. அவள் தரையைக் கழுவினாள், ஊதுபத்தி ஏற்றினாள், பாய்களை வெளியே உதறினாள். வாடை போகவில்லை.

ரோகினிக்குப் பாலர் பள்ளி விடுமுறை. சி ரூசாவில் கடற்கரை முழுக்க ஓடித் திரிந்த பிள்ளை, இங்கே வந்தபின் மெதுவாகிக்கொண்டே போனாள். ஒரு கவளத்தை மென்று முடிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. கூப்பிட்டால் தலை திரும்பும். தலை திரும்பிச் சற்று நேரம் கழித்துத்தான் கண்கள் திரும்பும். ஒருநாள் மைலோ கிளாஸ் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. வள்ளி ஓடிப்போய்த் துணி எடுத்துவந்து துடைத்து முடித்த பிறகுதான் அந்தச் சின்ன முகம் குனிந்து, கிளாஸ் விழுந்த இடத்தைத் தேடியது.

ஞாயிற்றுக்கிழமை வசந்தன் இருவரையும் சுவாவில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். தார்ச்சாலைக்கு வந்ததும் வெயிலில் கண் கூசியது. கிளினிக்கில் ரோகினி நாற்காலிக்கு நாற்காலி தாவினாள், மீன்தொட்டியைத் தட்டித் திட்டு வாங்கினாள். டாக்டர் சிரித்தார்.

"இந்தப் பிள்ளைக்கா ஒடம்பு சரியில்ல? நீங்கதான்மா தூங்கி வழியறீங்க."

திரும்பும் வழியில், செம்பனை மரங்களுக்கு இடையே வண்டி திரும்பிய இடத்திலேயே ரோகினியின் பேச்சு ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோனது. அந்தச் சொல்லின் மீதி வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வந்தது.

"வேற வீடு கேட்டுடலாம்ங்க," என்றாள் வள்ளி.

"கேட்டிருக்கேன் லா. மாசக் கடைசின்னாங்க. கொஞ்சம் பொறு."

பிள்ளை நடக்கும் விதத்தை அவள் அந்த வாரம்தான் கவனித்தாள். கூடத்தில் சாமான் என்று எதுவுமில்லை. ஒரு சோபா, ஒரு டிவி, சுவரோரம் சாமி மேடை. ஆனாலும் ரோகினி அந்தக் கூடத்தை நேராகக் கடப்பதில்லை. கூட்டமான பஸ்ஸுக்குள் நடப்பவளைப் போலத் தோளை ஒடுக்கி, பக்கவாட்டில் திரும்பி, ஒரு இடத்தில் நின்று வழி கிடைத்ததும் மறுபடி நகர்ந்து போனாள். இரவில் பாயின் ஓரத்துக்கு ஒதுங்கி, தன் பக்கத்தில் இடம் விட்டுப் படுத்தாள். என்னடி விளையாட்டு என்று கேட்க நினைத்து எழுந்த வள்ளி, தானும் கூடத்தைப் பக்கவாட்டில் திரும்பித்தான் கடந்திருக்கிறாள் என்பதை அடுப்படி வாசலில் வந்து நின்ற பிறகு உணர்ந்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு இருட்டியது. அவள் விளக்கு வைத்து, முன்கதவைத் திறந்தாள். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வேலையாட்களைக் கண்காணிக்கும் தோட்டத்து மண்டோர் மணியம். இருட்டுக்குள் இறங்கி நடந்து வந்தவர், ஒரு கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தார். கண்களை இடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? மணி மூணு. ஊட்டுல எல்லா லைட்டும் எரியுது. கம்பெனி கரண்டுன்னா கேக்க ஆளில்லன்னு நெனப்பா?"

"இருட்டா இருக்குண்ணே."

"வெயில் மண்டையப் பொளக்குது. இருட்டாம்." கழுத்து வேர்வையைக் கைக்குட்டையால் துடைத்தார். "புருஷன் லோரி ஓட்டுறான், நீ ஊட்டுல தூங்குற. நல்லா இருக்கு லா உங்க பொழப்பு."

அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். உள்ளே பார்த்தார். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"ஒரு குடும்பத்துக்குத்தான் இந்த ஊடு. இத்தன பேரத் தங்க வைக்கறதா இருந்தா ஆபீசுல எழுதிக் கொடுத்திருக்கணும்."

"நாங்க மூணு பேருதான்ணே."

மணியம் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு, அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு அவர் பார்வை நகர்ந்தது. பிறகு பின்னோக்கியே நடந்து போய் மோட்டாரில் ஏறினார். கிளம்பும்வரை முதுகைத் திருப்பவே இல்லை.

வள்ளி திரும்பவில்லை. வெகுநேரம் வாசலைப் பார்த்தபடியே நின்றாள். பிடரியில் மூச்சு பட்டது. ஒன்றல்ல.

வசந்தனிடம் சொல்லக் காத்திருந்தாள். அவன் தட்டில் கை வைத்தபடியே தூங்கிப்போனான். உலுக்கினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அழுதாள். அவன் இமை பாதி திறந்து, பாதியிலேயே நின்றது. சி ரூசாவில் இருக்கும் தன் அக்கா மோகனாவுக்கு ஃபோன் போட்டாள். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க அவளுக்கு அவ்வளவு நேரமானது.

"ஏண்டி இழுத்து இழுத்துப் பேசற? குடிச்சிருக்கியா?" என்றாள் மோகனா. முழுதும் கேட்டபின் அவள் குரல் மாறியது. "நாளைக்கு பன்னெண்டு மணிக்குள்ள காடிய எடுத்துட்டு வரேன். உங்க ரெண்டு பேரயும் கூட்டிட்டு வந்துடறேன். அவர் அப்புறம் வரட்டும். அதுவரைக்கும் அந்தப் பின்கதவத் தொறந்து போடு. முன்னால மட்டும் தொறந்து பின்னால அடைச்சு வெச்சா, உள்ள வந்தது எப்படிடி வெளிய போவும்? மூச்சு முட்டத்தான் செய்யும்."

ஃபோனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே நின்றது. உள்ளே வந்தது எப்படி வெளியே போகும்?

முப்பத்தோரு நாள். நாள் தவறாமல் முன்கதவைத் திறந்தாள். நாள் தவறாமல் பின்கதவை அடைத்தாள். பகல் அவளை ஏமாற்றி முன்கூட்டியே இருட்டியது. அவளும் விளக்கு வைத்து, லட்சுமி என்று எண்ணிக் கூப்பிட்டாள். வந்தன. போக வழி வைக்கவில்லை.

மறுநாள் அவள் விழித்தபோது வசந்தன் போயிருந்தான். வெளிச்சம் பத்தரைக்குத்தான் வந்தது. பதினொன்றுக்கே மங்கத் தொடங்கியது. ரோகினி பாயில் மல்லாந்து கிடந்தாள், கண் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போனது. வள்ளி காத்திருந்தாள். எண்ணினாள். நாற்பது வரை எண்ணிய பிறகு மூச்சு வெளியே வந்தது.

பிள்ளையைத் தூக்க முயன்றாள். கைகளில் பலமில்லை. முதலில் கதவு. கதவைத் திறந்துவிட்டு வந்து தூக்கிக்கொள்ளலாம்.

கூடத்தைக் கடந்தாள். பக்கவாட்டில். நின்றாள். நகர்ந்தாள். எங்கும் நெருக்கம். முழங்கை எதன் மீதோ இடித்தது, அது ஒதுங்கவில்லை. அடுப்படி. தாழ்ப்பாள் குளிர்ந்திருந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. ஒவ்வொன்றாக மடக்கினாள். இழுத்தாள்.

கதவு திறந்தது.

முதலில் எதுவுமில்லை. பிறகு, அவள் தோளை உரசிக்கொண்டு ஒன்று போனது. ஈரத் துணி போல. இன்னொன்று. அவசரம் இல்லை. வரிசையாக. ஒவ்வொன்று வெளியேறும்போதும் வீட்டுக்குள் கொஞ்சம் வெளிச்சம் கூடியது. சுவரின் பச்சை நிறம் வந்தது. காலண்டர். சட்டியின் விளிம்பு. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கூர்மையாக விழுந்தது. நண்பகல் வெயில். ஒரு மாதமாக அவள் காணாத வெயில். வாடை குறைந்தது. நெஞ்சுக்குள் காற்று புகுந்தது. இன்னொன்று போனது. இன்னொன்று. அவள் கண்ணீர் விட்டாள்.

பிறகு ஒன்று அவள் தோளை உரசவில்லை. இடுப்புக்குக் கீழே உரசியது.

சின்னது. சூடானது. அவள் கைலியின் மடிப்பை ஒரு கணம் பிடித்தது. விட்டது.

வள்ளி திரும்ப நினைத்தாள். கழுத்து திரும்பியது. மெதுவாக. கூடத்துப் பாயில் வெயில் விழுந்திருந்தது. பாயில் யாருமில்லை. மறுபடி வெளியே திரும்பினாள். அவள் திரும்பி முடிப்பதற்குள் ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரோரம் போய்விட்டது.

வீட்டுக்குப் பின்னால், செம்பனை வரிசைகளுக்கு நடுவே, ஒரே ஒரு வரிசையில் மட்டும் பொழுது சாய்ந்திருந்தது. அதற்குள் மஞ்சள் கவுன். ரோகினி நடந்துகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் மேல்நோக்கி உயர்ந்திருந்தன. இரு பக்கமும் பெரியவர்கள் கை பிடித்து நடத்திப் போவது போல. பக்கத்தில் யாரும் தெரியவில்லை.

முன்வாசலில் அக்காவின் காடி ஹார்ன். கதவு சாத்தும் சத்தம். வேகமான செருப்புச் சத்தம். "வள்ளி? எங்கடி இருக்க? வீடு நல்லாத்தானே இருக்கு."

கூப்பிட வேண்டும். வாய் திறந்துகொண்டிருந்தது. குரல் இன்னும் வரவில்லை. கை உயர்ந்துகொண்டிருந்தது. இடுப்பு வரை வந்திருந்தது.

தூரத்தில் மஞ்சள் கவுன் நின்றது. தோளை ஒடுக்கியது. இருட்டுக்குள் வழி விட்டு, வழி கேட்டு, நெருக்கியடித்து நிற்பவர்களுக்கு இடையே தன் இடத்தைக் கண்டுபிடித்தது. பிறகு அந்த இருட்டு வரிசை, அவளையும் சேர்த்து, ஒவ்வொரு மரமாக மூடிக்கொண்டு உள்ளே போனது.